முற்றிலும் விருப்பத்திற்குரிய நாற்பத்தொரு சோதனைகள்

இதனால் சகலருக்கும், குறிப்பாக விருதுநகர் மாவட்டத்தில் கணினியைத் தொட்டவர்க்கும் இனித் தொடப்போகிறவர்க்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மாவட்டக் கட்டற்ற மென்பொருள் பேரவையின் ‘நாள்’ என்னும் காலண்டர் மென்பொருளுக்குத் திருத்தம் அனுப்ப முன்வரும் அன்பர்கள், அனுப்புமுன் தத்தம் கணினியிலேயே ஒரு சோதனையை ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இச்சோதனை முற்றிலும் விருப்பத்திற்குரியது. எவரும் எவரையும் வற்புறுத்தமாட்டார். விருப்பமில்லாதவர்கள் தங்கள் விருப்பமின்மையை இணைப்பு ‘இ’யில் கண்ட படிவத்தில், தக்க காரணங்களுடன், மூன்று பிரதிகளில் கட்டாயம் தெரிவிக்கவேண்டும்.

2007 பொங்கல் கழிந்த வாரம் இந்த அறிவிப்பு வெளியானபோது, அதன் முக்கியத்துவம் கருதிப் பேரவை வாசலில் ஆயிரம் வாலா ஒன்று கொளுத்தப்பட்டது. ஈரச் சரக்கு. நூற்றுப்பத்தோடு நின்றுவிட்டது.

அறிவிப்பை முழுக்கப் படித்தவர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் செய்யது அபுதாஹிர். சிவகாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே தட்டித் தரப்படும். ஒரு முறை கண்ணீர் அஞ்சலியில் மூத்த மகன் பெயரையும் காலமானவர் பெயரையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டார். அது நடந்து பத்து வருஷமாகியும், அவர் கடைப் பத்திரிகை என்றால் சொந்தக்காரர்கள் மூன்று முறை படிப்பார்கள்.

‘நாள்’ மென்பொருளை எழுதியவரும் அவரே. தினசரி காலண்டரின் ஒவ்வொரு தாளையும் கையால் தட்டித் தட்டி விரல் தேய்ந்துபோன கோபத்தில், தாமாகவே புத்தகம் பார்த்துப் படித்து, 2004-இல் அதை எழுதினார். வருஷத்தைச் சொன்னால் போதும்; தேதி, கிழமை, பிறை, நல்ல நேரம் எல்லாம் போட்டுத் தாள் தாளாகத் தள்ளிவிடும். எழுதியதை இணையத்தில் சும்மா போட்டுவைத்தார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைத் திருப்பி அனுப்பலாம். காசு கிடையாது. காசு கிடையாது என்று தெரிந்ததும் பேரவை ஒன்று உருவாயிற்று. காசில்லாத இடத்தில்தானே மரியாதைக்கு அடிதடி.

பேரவைத் தலைவர் ஞானதீபம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்குக் கணினி இயக்கத் தெரியாது. தொட்டால் நடுநிலை போய்விடும் என்று தொடாமலே வைத்திருந்தார்.

அபுதாஹிர் நேர்மையாளர். ‘கட்டாயம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் படிவத்தை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் ‘சீசன் வேலை இருக்கிறது, நேரமில்லை’ என்று எழுதி, மூன்று பிரதி அனுப்பினார். பத்து நாளில் பதில் வந்தது.

‘தங்கள் விருப்பமின்மை ஆறு மாத காலத்திற்கு அங்கீகரிக்கப்படுகிறது. படிவம் அளிக்காதவர்கள் அனைவரும் விருப்பமுள்ளவர்களாகக் கருதப்படுவர்.’

இரண்டாவது வரியை அபுதாஹிர் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அடுத்த மாதம் பேரவையின் இணையப் பக்கத்தில் ஒரு பட்டியல் முளைத்தது. திருத்தம் அனுப்பிய பத்தொன்பது பேரின் பெயர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு புள்ளி. பச்சை என்றால் சோதனையில் தேறியது. சிவப்பு என்றால் தேறாதது. அபுதாஹிர் பெயருக்கு நேரே இருந்தவை உள்ளே ஒன்றுமில்லாத வட்டங்கள், காலித் தீப்பெட்டியைத் திறந்து வைத்ததுபோல.

முதலிடத்தில் சாம்சுந்தர். விருதுநகர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் ஆசிரியர். முப்பத்திரண்டு வயது, இஸ்திரி கலையாத சட்டை. அவருக்கு இருபத்தேழு பச்சை. அவர் அனுப்பிய திருத்தங்களை அபுதாஹிர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ஒன்றில் ஒரு காற்புள்ளியைச் சேர்த்திருந்தார். அடுத்ததில் அந்தக் காற்புள்ளியை எடுத்திருந்தார். இரண்டுக்கும் பச்சை.

சிவகாசியில் எரியக்கூடிய எந்தப் பொருளையும் வைத்திருக்க உரிமம் வேண்டும், வயிற்றைத் தவிர. அன்று பற்றியது அபுதாஹிருக்கு அணையவே இல்லை. காலையில் பல் துலக்குமுன் சாம்சுந்தரின் புள்ளியை எண்ணுவார். மதியம் கரண்ட் போய் வந்ததும் மறுபடி எண்ணுவார், இடைவெளியில் ஏதாவது குறைந்திருக்கலாம் என்று.

அவர் மனைவி பைரோஜா பொறுத்துப் பார்த்தாள்.

“ஏங்க, அந்தாளுக்கு எத்தனை புள்ளின்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவீக. வீட்டுல அரிசி எத்தனை நாளைக்கு வரும்னு தெரியுமா?”

“முப்பத்தொண்ணு.”

“அரிசியா?”

“சாம்சுந்தர்.”

பேரவையின் மாதக் கூட்டம் விருதுநகரில், பருப்புக் கமிஷன் மண்டி ஒன்றின் மாடியில் நடக்கும். புள்ளிப் பட்டியல் உரக்க வாசிக்கப்படும். பச்சைக்குப் பச்சை கைதட்டல். பச்சைக்காரர்களுக்கு முன்வரிசை. கடைசியில் இருந்த மரப்பெஞ்சில் ‘விருப்பச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியோர்’ என்று அட்டை ஒட்டியிருந்தது. அதில் அபுதாஹிர் தனியாக உட்கார்ந்திருப்பார். வடைத் தட்டு முன்வரிசையிலிருந்து புறப்படும். அவரிடம் வரும்போது அதில் எண்ணெய் ஊறிய தினத்தாள் மட்டும் இருக்கும்.

மார்ச் கூட்டத்தில் ஞானதீபம் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“அன்பர்களே! அச்சங்குளம் பக்கம் பட்டாசு ஆலை வாசலில், உள்ளே போகிறவனின் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறார்கள். பீடி இருக்கிறதா, தீப்பெட்டி இருக்கிறதா என்று. அதில் என்ன பெருமை இருக்கிறது? தடவாவிட்டால் வெடிக்கும், அதனால் தடவுகிறான். அது பயம். நம்முடைய சோதனையைப் பாருங்கள். செய்யாவிட்டால் ஒன்றும் ஆகாது. செய்தாலும் ஒன்றும் ஆகாது. ஒன்றுமே ஆகாத ஒன்றை ஒரு மனிதன் தினந்தோறும் செய்கிறான் என்றால், அதுவல்லவா ஒழுக்கம்!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

“கட்டாயம் என்பது அடிமைத்தனம். பேரவை யாரையும் கட்டாயப்படுத்தாது. ஆனால் விரும்பாதவர் யார் யார் என்பதை நாங்கள் விரும்பித் தெரிந்துவைத்திருக்கிறோம்.”

எல்லோரும் திரும்பிக் கடைசிப் பெஞ்சைப் பார்த்தார்கள். அபுதாஹிரும் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

ஜனவரியில் நான்காக இருந்த சோதனைகள் ஜூனில் நாற்பத்தொன்றாயின. ஒரு வரியில் நாற்பது எழுத்துக்கு மேல் இருக்கலாகாது. ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தலைவர் பெயர் பட்டங்களுடன் இருக்கவேண்டும். ஏப்ரலில் ஏதோ ஒரு மன்றம் தலைவருக்குச் ‘செயல்திலகம்’ பட்டம் கொடுத்தது. அன்று சாயங்காலமே மென்பொருளின் நூற்றுப்பன்னிரண்டு கோப்புகளும் பிழையாகிவிட்டன. ஆனால் பட்டியலில் சாம்சுந்தர் மட்டும் பச்சைபச்சையாகத் தள்ளிக்கொண்டே இருந்தார். மனுஷன் எப்படித்தான் செய்கிறான் என்று அபுதாஹிருக்கு மலைப்பாயிற்று.

ஜூலை முதல் வாரம் அபுதாஹிரின் மகள் ருக்சானாவுக்கு நிக்காஹ் தேதி குறித்தார்கள். மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. லீவு கிடைப்பது பிப்ரவரிக் கடைசியில்தான். 2008 பிப்ரவரி 29, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும்.

பைரோஜா ஆசையாகக் கடைக்கு வந்தாள்.

“உங்க மிசின்ல அடுத்த வருசத்துக் காலண்டர் வந்துருக்கும்ல? அந்தத் தாள ஒண்ணு எடுத்துக் குடுங்க. பெட்டில வச்சுக்கிடுறேன்.”

அபுதாஹிர் தட்டினார். இருபத்தெட்டு, வியாழன் வந்தது. அடுத்து மார்ச் ஒன்று, சனி வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி வியாழன், சனி.

“வெள்ளிக்கிழமை எங்கங்க?”

அபுதாஹிர் மென்பொருளின் கோப்பைத் திறந்து பார்த்தார். 2004-இல் எழுதும்போது பிப்ரவரிக்கு இருபத்தெட்டு என்று போட்டுவிட்டு, லீப் வருஷத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். மூன்று வருஷம் லீப் வரவில்லை. ஒவ்வொரு தாளும் தனித்தனியாகச் சரியாக இருந்ததால் எந்தப் புரூப்பிலும் யாரும் பிடிக்கவில்லை. ஒரு தாள் இல்லாததைப் புரூப் பார்க்க யாராலும் முடியாது.

மூன்று வரி எழுதினார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மூன்று வரியையும் அனுப்பிவிட்டுப் போயிருந்தால் காலி வட்டம் ஒன்று விழுந்திருக்கும், வேலை முடிந்திருக்கும். ஆனால் அதே நாளில் பேரவையிலிருந்து இன்னோர் அறிவிப்பு வந்தது. ஆடிப் பதினெட்டு அன்று, மற்ற காலண்டர் கம்பெனிகள் புது வருஷ மாதிரி ஆல்பம் வெளியிடும் அதே நன்னாளில், பேரவையும் விழா எடுக்கும். பச்சைப் புள்ளி பெற்றோர் அனைவருக்கும் பொன்னாடை. அவர்கள் பெயர்கள், அடுத்த வருஷத்துக்குப் பேரவை வெளியிடும் காலண்டரின் கெட்டியட்டையில் அச்சாகும். காலி வட்டத்தார், சிவப்புப் புள்ளியார் பெயர்கள் அச்சாகா.

தான் எழுதிய மென்பொருளில் அடிக்கும் காலண்டரில் தன் பெயர் இல்லாமல் சாம்சுந்தர் பெயர் இருக்கும். வீட்டுச் சுவரில், வருஷம் முழுக்க. அபுதாஹிர் அன்றே சோதனையைத் தன் கணினியில் நிறுவினார்.

மூன்று வாரம் கடையில் பத்திரிகை வேலை நின்றது. வரிகளை வெட்டினார். நூற்றுப்பன்னிரண்டு கோப்பின் தலையிலும் செயல்திலகத்தை ஏற்றினார். பிழை முன்னூறிலிருந்து முப்பதாகி, முப்பதிலிருந்து ஒன்றாயிற்று. அந்த ஒன்று மட்டும் நகரவில்லை.

‘சோதனை 17: தாள் எண்ணிக்கை 365 ஆக இருக்கவேண்டும். ஒரு தாள் கூடுதல். தேறவில்லை.’

பஸ் ஏறி விருதுநகர் போனார். ஞானதீபம் ஈஸி சேரில் சாய்ந்து, அடுத்த உரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, பதினேழாவது சோதனை தப்பா இருக்கு. அடுத்த வருசம் லீப். முன்னூத்தி அறுபத்தாறு தாள் வரணும்.”

“இருக்கலாம் பாய். சோதனை மனுசன் எழுதுனதுதானே? யாரும் திருத்தலாம். அதுதான் கட்டற்றதோட அழகே. திருத்தம் அனுப்புங்க.”

“அனுப்பிப் பாத்தேன் ஐயா.”

“என்னாச்சு?”

“அந்தத் திருத்தம் பதினேழாவது சோதனையில தேறல.”

ஞானதீபத்தின் முகம் மலர்ந்தது.

“பாத்தீகளா? எம்புட்டு உறுதியா எழுதியிருக்காங்க!”

“ஐயா ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுச் சொன்னா…”

“நானா? நாப்பத்தொண்ணுல ஒண்ணைக்கூடப் படிச்சதில்ல பாய். படிச்சா இது சரி, இது தப்புன்னு விருப்பு வெறுப்பு வந்துரும். தலைவனுக்கு அது ஆகாது. நீங்க வேணும்னா சோதனை பண்ணாமலே அனுப்புங்க. முழுக்க முழுக்க உங்க விருப்பம்.” குரலைத் தாழ்த்தினார். “பேரு அச்சாகாது. அம்புட்டுத்தான்.”

பதினேழாவது சோதனையின் ஊற்றைத் தேடி அபுதாஹிர் காலண்டர் அடிக்கும் அச்சகத்துக்குப் போனார். பைண்டிங் மேஸ்திரி செல்லச்சாமி கோந்துக் கையோடு வந்தார்.

“ஆமா பாய். பொங்கல் சமயம் உங்க பேரவைலருந்து ஒருத்தர் வந்தாரு. ஒரு கட்டுக்கு எம்புட்டுத் தாள்னு கேட்டாரு. அப்ப ஓடுனது முன்னூத்தி அறுபத்தஞ்சு. சொன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டு கைகுடுத்துட்டுப் போனாரு.”

“லீப் வருசத்துக்கு?”

“அறுபத்தாறு. நாலு வருசத்துக்கு முன்ன அடிச்சோம்ல? நீங்க எத்தனை குடுக்கீகளோ அத்தனை தைப்போம். எனக்கென்ன, ஒரு தாள் கூடுனா ஊசி உடைஞ்சா போகும்?” செல்லச்சாமி கையைத் துடைத்தார். “அவரு லீப் வருசத்தப் பத்திக் கேக்கவே இல்லையே. கேட்டா சொல்லியிருப்பேன்.”

திரும்பி வரும் வழியெல்லாம் அபுதாஹிர் மனசுக்குள் தராசு பிடித்தார். இந்தத் தட்டில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தத் தட்டில் ஒரு பச்சைப் புள்ளி. வெள்ளிக்கிழமை வாராவாரம் வருகிறது. மகள் கல்யாணத்துக்குத்தான் பத்திரிகை அடிக்கப்போகிறோமே, தேதி அதில் இருக்குமே, காலண்டரைப் பார்த்தா கல்யாணத்துக்கு வருகிறார்கள்? அதோடு, மூன்று வரியை விழா முடிந்த மறுநாள் அனுப்பிவிட்டால் போகிறது. அச்சுக்குப் போக நாள் இருக்கிறது. வீட்டுக்கு வந்து பட்டியலைப் பார்த்தார். சாம்சுந்தர் அறுபத்தொன்று.

மூன்று வரியையும் அழித்தார். ஒரு வரியின் கடைசியில் இருந்த வெற்றிடத்தை நீக்கினார். சோதனையை ஓட்டினார். நாற்பத்தொன்றிலும் தேறியது. அனுப்பினார். பச்சைப் புள்ளி விழுந்தது. பைரோஜாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

“நல்லாருக்கு,” என்றாள் பைரோஜா. “வெள்ளிக்கிழமை?”

“வரும், வரும்.”

ஆடிப் பதினெட்டு காலையில் கமிஷன் மண்டி மாடியில் விழா. அபுதாஹிருக்கு முன்வரிசையில் நாற்காலி, முழு வடை, பச்சைக் கரை போட்ட பொன்னாடை. பக்கத்து நாற்காலியில் சாம்சுந்தர். ஞானதீபம் பேசிக்கொண்டிருக்கையில் சாம்சுந்தர் மெல்லக் குனிந்தார்.

“பாய், ஒண்ணு கேக்கலாமா? அந்தச் சோதனைய எப்படி இன்ஸ்டால் பண்றது?”

அபுதாஹிர் வாயிலிருந்த வடை அப்படியே நின்றது.

“நீங்க பண்ணலையா?”

“இல்லையே. நானும் பண்ணல, மத்தவங்களும் பண்ணல. பண்ணவேண்டியதில்ல பாய். பிழைன்னு சேதி வந்தா சிவப்பு. விருப்பமில்லன்னு படிவம் குடுத்தா காலி வட்டம். ஓட்டித் தேறுனா பச்சை. இது எதுவும் இல்லன்னா தானா பச்சை. நான் எதையும் ஓட்டல, அதனால பிழையும் வரல.” சாம்சுந்தர் பெருமூச்சு விட்டார். “உங்களுக்குத்தான் பாய் நெசமான பச்சை. பாத்தா எனக்கு வயிறெரியுது.”

அபுதாஹிர் தன் ஒற்றைப் புள்ளியையும், தன் படிவத்தின் மூன்று பிரதிகளையும், மூன்று வார வேலையையும் நினைத்துப் பார்த்தார். பட்டியலில் நெசப் பச்சைக்கும் சும்மாப் பச்சைக்கும் நிற வித்தியாசம் கிடையாது. அதைத் தலைவரிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தார். அவர் எழுந்ததைப் பார்த்துத் தலைவர் உரையை முடித்துக்கொண்டார்.

“…ஆகவே, அன்பர்களே, எல்லாச் சோதனையிலும் தேறிய இந்த மென்பொருள் இந்த நிமிடம் முதல் உறைநிலை எய்துகிறது! இனி டிசம்பர் முடிய எந்தத் திருத்தமும் ஏற்கப்படாது. ஏனெனில், தேறிய ஒன்றைத் திருத்துவது தேர்வையே அவமதிப்பதாகும்!”

கைதட்டினார்கள். எழுந்து நின்றவர் முதலில் தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள். அபுதாஹிரும் தட்டினார்.

டிசம்பரில் காலண்டர் வந்தது. கெட்டியட்டையின் அடியில் ‘நாற்பத்தொரு சோதனைகளில் தேறியது’ என்றும், அதன்கீழ் பெயர்களும். பதினெட்டாவதாக, பொடி எழுத்தில், செய்யது அபுதாஹிர். பார்த்துப் பார்த்து ஐம்பது பிரதி வாங்கி, சொந்தபந்தம் அத்தனைக்கும் நேரில் போய்க் கொடுத்தார். ஐம்பதிலும் விடுபட்ட தாளைத் தனியே அடித்துச் செருகிவிடலாம் என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. செருகினால் முன்னூற்று அறுபத்தாறு ஆகிவிடும். அட்டையில் இருக்கிற வாசகம் பொய்யாகிவிடும். தன் பெயருக்கு மேலே ஒரு பொய்யை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

நிக்காஹ் குறித்தபடி நடந்தது. ஐநூறு பேருக்கு ஆக்கி, இருநூறு பேர் சாப்பிட்டார்கள். பைரோஜாவின் பிறந்த ஊரான காரியாபட்டியிலிருந்து ஓர் ஆள்கூட வரவில்லை. பந்தியில் காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்துப் பார்த்து அவள் அழுதாள். மாப்பிள்ளை வீட்டார் “பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லையா?” என்று கேட்டார்கள். சாயங்காலம் ருக்சானா, மாமனைப் பார்க்காமலே புகுந்த வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் இரண்டு வேன் வந்து நின்றது. பட்டுச் சேலையும் அத்தர் மணமுமாக நாற்பது பேர் இறங்கினார்கள். முன்னால் பைரோஜாவின் தம்பி சாபிர், தலையில் சீர்ப் பாத்திரமாகப் புதுத் தேக்சாவோடு.

“என்ன மச்சான், பந்தலக்கூடக் காணோம்? மண்டபம் எங்கிட்டு?”

“கல்யாணம் நேத்து முடிஞ்சிருச்சு சாபிர்.”

சாபிர் தேக்சாவை இறக்கினான்.

“நேத்தா? அதெப்படி? பத்திரிகையில இருபத்தொம்போதுன்னு இருந்துச்சு. காலண்டர்ல பாத்தா அப்படியொரு தேதியே இல்ல. கிழமையும் வெள்ளின்னு போட்டுருந்தீக, அங்க வெள்ளியும் இல்ல. தேதியும் தப்பு, கிழமையும் தப்பு. சரி, மச்சான் கடைல அடிச்சதுன்னு புரிஞ்சுபோச்சு. இருபத்தெட்டுக்கு அடுத்து ஒண்ணு, சனிக்கிழமைதான, அதத்தான் சொல்றீகன்னு சனிக்கிழமைக்குக் கெளம்பி வந்தோம்.”

“ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?” என்று பைரோஜா கத்தினாள்.

“மகளோட பத்திரிகையிலயே தப்பு விட்டுட்டாரேன்னு இருந்துச்சுக்கா. கேட்டா மச்சான் மனசு நோகும்ல?” சாபிர் சுவரில் தொங்கிய காலண்டரின் அட்டையைத் தொட்டுக் காட்டினான். “அதோட, இதுல மச்சான் பேரே போட்டுருக்கு. நாப்பத்தொரு சோதனையில தேறுனதுன்னு வேற இருக்கு. பத்திரிகைய நம்புறதா, இத நம்புறதா?”

பைரோஜா தன் கணவரைப் பார்த்தாள். நாற்பது பேரும் பார்த்தார்கள். அபுதாஹிர் காலண்டரைப் பார்த்தார்.

அன்று மார்ச் ஒன்று, சனிக்கிழமை. காலண்டர் சரியாகத்தான் காட்டியது.